புதுவுலகக் கேளிக்கைப் பூங்கா முதல் பசுமைப் பேரங்காடி வரை



அறிவியல் பாடவேளையில் மறுபயனீடு, மறுசுழற்சி பற்றிக் கற்பித்துக்கொண்டிருந்தேன். இடையில், சிங்கப்பூரில் ‘பசுமைப் பேரங்காடி’ என்ற பெயரோடு ஒரு கட்டடம் இருப்பதைக் குறிப்பிட்டேன். ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி எழுந்து, “வாங்குங்கள், வாங்குங்கள் என்று சொல்கிற இடம் எப்படி ஐயா பூமியைக் காப்பாற்றும்?” என்றாள். வகுப்பு சிரித்தது. எனக்கோ உடனே விடை சொல்ல இயலவில்லை. அவளுக்குச் சொல்ல வேண்டிய விடையைத் தேடியபோது, அது ஒரு வரலாறாகவே விரிந்தது. அதனை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

திறந்தவெளியில் ஒரு புதுவுலகம்

ஜொகூர்ப் பாலத்தைக் கடந்து சிராங்கூன் சாலைக்குச் செல்லும் நம்மவர் பலரும் கிச்சனர் சாலைச் சந்திப்பைக் கண்டிருப்பர். அங்கேதான் 1923ஆம் ஆண்டில் ‘நியூ வோர்ல்ட்’ என்னும் கேளிக்கைப் பூங்கா திறக்கப்பட்டது. ஓங் பூன் தாட், ஓங் பெங் ஹோக் ஆகிய சகோதரர்கள் அதனைத் தொடங்கினர். பின்னர் ஷா சகோதரர்களும் அதன் நிர்வாகத்தில் பங்கேற்றனர். மலாய் பங்சாவான் நாடகம், சீனக் கூத்து, குத்துச்சண்டை, நடன அரங்கு, உணவுக்கடைகள் எனப் பல்லின மக்களும் மாலையில் கூடிக் களித்த இடம் அது. பகல் வெயில் தணிந்த பிறகே கூட்டம் சேரும். இரவுக் காற்றுதான் அங்கே பெரும்பாலும் குளிர்ச்சி தந்தது.

1960களுக்குப் பிறகு காலம் மாறிற்று. தொலைக்காட்சி வீட்டுக்கு வந்தது. குளிரூட்டப்பட்ட திரையரங்குகளும் கடைத்தொகுதிகளும் பெருகின. 1970களின் தொடக்கத்தில் சைனாடவுனில் எழுந்த பீப்பள்ஸ் பார்க் காம்ப்ளெக்ஸ், ஒரே கூரையின்கீழ் கடைவீதி என்னும் எண்ணத்தைச் சிங்கப்பூரில் வேரூன்றச் செய்தது. குளிர்சாதனம் வெப்பமண்டல நாடுகளின் வாழ்வையே மாற்றிய கண்டுபிடிப்பு எனத் திரு. லீ குவான் இயூ போற்றியதுண்டு. அது உண்மையே. ஆயினும் அதற்கொரு விலையும் இருந்தது. சன்னலற்ற பெரிய கட்டடத்தைக் காலைமுதல் இரவுவரை குளிர்விப்பதற்கே அதன் மின்சாரத்தில் பெரும்பங்கு செலவாகிறது. நியூ வோர்ல்ட் பூங்காவோ கூட்டம் குறைந்து, 1987இல் சிட்டி டெவலப்மெண்ட்ஸ் நிறுவனத்தின் கைக்கு மாறியது.

சட்டத்திற்கு முன்னே நடந்த கட்டடம்

சிங்கப்பூரின் கட்டட, கட்டுமான ஆணையம் 2005இல் ‘கிரீன் மார்க்’ என்னும் பசுமைத் தரச்சான்றை அறிமுகப்படுத்தியது. தொடக்கத்தில் அது விரும்பியோர் பெறும் சான்றாகவே இருந்தது. அக்காலக்கட்டத்தில் பழைய பூங்கா இருந்த நிலத்தில் சுமார் 7 லட்சம் சதுர அடியில் ‘சிட்டி ஸ்குவேர் மால்’ உருவாகி, 2009இல் திறக்கப்பட்டது. சிங்கப்பூரின் முதல் பசுமைப் பேரங்காடி என அது அறிமுகமானது. கிரீன் மார்க் சான்றின் உயர்நிலையான பிளாட்டினத்தையும் பெற்றது. அருகில் ஒரு பூங்கா அமைக்கப்பட்டது. பழைய நியூ வோர்ல்டின் நுழைவாயிலும் அங்கே காக்கப்பட்டுள்ளது.

இத்தகைய கட்டடங்கள் செய்வதென்ன? திறன்மிகு குளிரூட்டும் பொறிகளால் மின்சாரத்தை மிச்சப்படுத்துகின்றன. கூரையில் சூரியத்தகடு பொருத்துகின்றன. மழைநீரைச் சேமித்துச் செடிகளுக்குப் பாய்ச்சுகின்றன. வாகன நிறுத்துமிடத்தில் புகையின் அளவை உணர்கருவி கண்டறிந்த பின்னரே காற்றாடிகள் சுழல்கின்றன. இவையெல்லாம் நிர்வாகத்தின் கையில் உள்ளவை.

ஆனால் கட்டடத்தைக் கட்டியவரால் மட்டும் ஒரு பேரங்காடியை நடத்திவிட முடியாது. நூற்றுக்கணக்கான கடைகள் அங்கே வாடகைக்கு இருக்கின்றன. விளக்குகளையும் அடுப்புகளையும் குளிர்பெட்டிகளையும் இயக்குவோர் அவர்களே. உணவுக்கழிவைத் தனியே பிரிப்பதும் உலர்ந்த குப்பையோடு கலந்து எறிவதும் சமையற்கட்டில் நிற்கும் தொழிலாளியின் கையில் இருக்கின்றன. ஆகவேதான் ‘பசுமைக் குத்தகை’ என்னும் முறை வந்தது. மின்சிக்கன விளக்கு, மின்பயன்பாட்டுக் கணக்கு முதலியவற்றில் உரிமையாளரும் கடைக்காரரும் முன்கூட்டியே உடன்படும் ஏற்பாடு அது. பேரங்காடியில் பசுமை முயற்சியைத் தலைமையேற்று நடத்துவோர்க்குப் பொறிகளை இயக்குவதைவிட, இவ்வாறு மனிதர்களை இணங்கச் செய்வதே கடினமான பணி. இதனை வகுப்பறையில் நிற்கும் நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை!

விருப்பம் சட்டமான கதை

இந்த வரலாற்றில் நான் முதன்மையாகக் காண்பது இதுதான்: சிலர் விரும்பிச் செய்தது, சில ஆண்டுகளில் எல்லாருக்கும் கடமையாயிற்று. 2008முதல் குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட புதிய கட்டடங்கள் குறைந்தபட்சப் பசுமைத் தரத்தை எட்டியாக வேண்டும் என்றானது. 2014முதல் பெரிய பேரங்காடிகளும் தங்கும் விடுதிகளும் தம் கழிவின் அளவையும் அதனைக் குறைக்கும் திட்டத்தையும் அரசிடம் தெரிவிக்க வேண்டியதாயிற்று. 2023 ஜூலைமுதல் பெரிய பேரங்காடிச் சந்தைகளில் பைக்குக் குறைந்தது 5 காசு கட்டணம் வந்தது. அதிக உணவுக்கழிவு சேரும் பெரிய வணிகக் கட்டடங்களுக்கு அதனைப் பிரித்துச் செயலாக்கும் கடமையும் சட்டத்தில் வகுக்கப்பட்டது.

இத்துணை அவசரம் ஏன்? சிங்கப்பூரில் எரிக்கப்படும் குப்பையின் சாம்பல், 1999இல் திறக்கப்பட்ட செமாக்காவ் தீவின் குப்பை நிரப்பிடத்திற்குச் செல்கிறது. அது 2035ஆம் ஆண்டளவில் நிறைந்துவிடும் எனக் கணிக்கப்பட்டுள்ளது. இன்று நம் முன் அமர்ந்திருக்கும் குழந்தைகள் அப்போது தம் இருபதுகளில் அடியெடுத்து வைத்திருப்பர்.

மாணவிக்கு என் விடை

அடுத்த வாரம் அம்மாணவியிடம் சொன்னேன்: “நீ கேட்டது சரிதான், அம்மா. பேரங்காடி தனியாகப் பூமியைக் காப்பாற்றாது. விளக்கையும் நீரையும் குப்பையையும் அது குறைக்கலாம். நாம் வேண்டாததை வாங்காமல் தடுக்க அதனால் முடியாது. அது அதன் தொழிலும் அன்று.”

பிறகு வகுப்பினர் அனைவரும் அடுத்த முறை பெற்றோருடன் கடைக்குச் செல்லும்போது இரண்டு கணக்குகளை எழுதிவரச் சொன்னேன். வீட்டிலிருந்து கொண்டுசென்ற பைகள் எத்தனை? பட்டியலில் இல்லாமல் வாங்கிய பொருள்கள் எத்தனை? முதல் கணக்கில் பெரும்பாலோர் சுழியம் எழுதியிருந்தனர். இரண்டாம் கணக்கைப் பார்த்துச் சில பெற்றோர் என்னிடமே வெட்கத்துடன் சிரித்தனர். என் வீட்டுக் கணக்கும் அவர்களுடையதைவிடச் சிறந்ததன்று என ஒப்புக்கொள்கிறேன்.

நியூ வோர்ல்ட் பூங்காவின் காலத்திற்கு நாம் திரும்பிச் செல்ல இயலாது, செல்லவும் வேண்டியதில்லை. ஆனால் சட்டம் வரும்வரை காத்திராமல் தொடங்குவோர் எப்போதும் ஒரு சிலரே. அந்தச் சிலருள் நம் பிள்ளைகள் இருக்க வேண்டுமாயின், கையில் ஒரு துணிப்பையுடன் நாம் முதலில் புறப்பட வேண்டும்.

சிந்திப்போம், செயற்படுவோம்.