துண்டிலிருந்து பாஸ்புக் வரை: ஊவாத் தோட்டங்களில் கடன் வசூலின் வரலாறு

பதுளை, பசறை, நமுனுகுல, ஹப்புத்தளைத் தோட்டங்களின் கடனைப் பற்றிப் பேசும்போது வட்டி எவ்வளவு என்றே முதலில் கேட்கிறோம். எதைப் பிடித்து வசூலித்தார்கள் என்று கேட்பது அதைவிடப் பயன்தரும். ஒரு காலத்தில் ஆளையே பிடித்தார்கள். பிறகு சம்பளத்தைப் பிடித்தார்கள். இன்று கை வங்கிக் கணக்கு வரை நீண்டிருக்கிறது.

தமிழகத்துக் கிராமங்களில் ஆள் சேர்த்த பெரிய கங்காணி, வழிச்செலவுக்கும் ஊர்க் கடனை அடைக்கவும் முன்பணம் கொடுத்தார். அது பெரும்பாலும் தோட்டத் துரையிடம் அவர் வாங்கிய பணம்தான். ஆகவே, லயத்துக் காம்பராவில் அடுப்பு மூட்டுமுன்பே தொழிலாளியின் பேரில் பற்று ஏறியிருந்தது. வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் 'துண்டு' வேண்டும். இன்ன தொகையைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவிக்கிறேன் என்று துரை எழுதிக் கொடுத்த சீட்டு அது. புதிய துரை பணத்தைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்வார். கடன் தீரவில்லை, கடன்காரர்தான் மாறினார். பெயருக்குத்தான் அது விடுவிப்புச் சீட்டு. நடப்பில் ஆள் விலைச்சீட்டு என்றே சொல்ல வேண்டும். முன்னறிவித்தல் இன்றி வேலையை விட்டுப் போனவர்களுக்கு 1865-ஆம் ஆண்டின் 11-ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் சிறையைக் காட்டியது.

1889-ஆம் ஆண்டு தனியே கவனிக்கத்தக்கது. அவ்வாண்டின் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக் கோவை, தீர்ப்புப் பணத்துக்காகக் கைப்பற்றக்கூடாத பொருள்களின் வரிசையில் உடுதுணி, படுக்கை, தொழிற்கருவிகளோடு கூலியாட்களின் ஊதியத்தையும் சேர்த்தது. அதே ஆண்டில் இந்தியத் தோட்டத் தொழிலாளருக்கென்று தனிக் கட்டளைச் சட்டமும் வந்தது. ஏட்டளவில் நல்ல காவல்தான். ஆனால் கங்காணிக்கு நீதிமன்றம் எதற்கு? பல தோட்டங்களில் சம்பளமே அவர் கைவழியாகத்தான் வந்தது. அரிசிக்கும் முன்பணத்துக்கும் பிடித்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுத்தார். நீதிமன்றப் படியேறி வசூலிப்பவரிடமிருந்து மட்டுமே சட்டம் ஊதியத்தைக் காத்தது.

1921-இன் 43-ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. 1923-இன் சட்டத்துக்குப் பின் ஆள் கொண்டுவரும் செலவைப் பொது நிதி ஏற்றது. அதைத் தொழிலாளியிடம் திருப்பிக் கேட்க முடியாது. பதுளைக்கு ரயில் வந்த 1924-க்குள் இவ்வளவும் முடிந்துவிட்டது. பிறகு 1941-இன் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம் சம்பளத்தில் எதைக் கழிக்கலாம் என்பதற்கு வரம்பு கட்டியது.

ஆயினும் சம்பளச் சீட்டில் கழிவுப் பத்தி நீண்டுகொண்டே போனது. ஊழியர் சேமலாப நிதிக்கு 8 சதவீதம், சங்கச் சந்தா, கோயில் காசு, தேயிலைத் தூள், அட்வான்ஸ், கடன் தவணை. இவற்றில் எதுவும் தனியாகப் பார்த்தால் அநியாயமாகத் தெரியாது. கூட்டிப் பார்க்கும்போதுதான் தெரியும்.

சம்பளம் வங்கிக்குப் போகும் இடங்களில் புதிய சிக்கல் பிறக்கிறது. கணக்கில் கிடக்கும் பணம், சட்டத்தின் பார்வையில், வங்கி வாடிக்கையாளருக்குத் தரவேண்டிய கடன். தீர்ப்புப் பெற்ற கடன்காரர் பிஸ்கால் மூலம் வங்கிக்கு அறிவித்தல் அனுப்பி அதை முடக்கலாம். 1990-இன் கடன் அறவிடல் சட்டம் கடன் வழங்கும் நிறுவனங்களுக்குச் சுருக்கமான வழியையே திறந்துவிட்டது: சத்தியக் கடதாசியோடு வழக்கிட்டால் நிபந்தனைத் தீர்ப்பு முதலில் வரும், கடனாளியின் விளக்கம் பிறகுதான். கடன் கொடுத்ததும் கணக்கு வைத்திருப்பதும் ஒரே வங்கியானால், ஒப்பந்தத்தைக் காட்டி நேரடியாகவே கழித்துக்கொள்ளவும் முடியும். பிணையாக ஒப்பமிட்டவரின் கணக்குக்கும் இதே கதிதான்.

பெண்களைக் குழுவாகச் சேர்த்து வாராவாரம் வசூலித்த நுண்கடன் இன்னொரு கிளை. 2018 டிசம்பரில் மத்திய வங்கி அதற்கு 35 சதவீத வட்டி உச்சவரம்பு விதித்தது. அங்கே வசூலுக்குக் கணக்கு தேவைப்படவில்லை. குழுவின் கண்ணே போதுமாயிருந்தது.

கையில் வாங்கும் கூலிக்கு 1889 கொடுத்த காவல், கணக்கில் விழுந்த கூலிக்கும் தொடரும் என்று சட்டத்தில் வெளிப்படையாக எழுதப்பட வேண்டும். அதுவரை, சம்பளக் கணக்கையும் கடனையும் ஒரே வங்கியில் வைக்காதீர்கள். நீதிமன்ற அழைப்பாணை வந்தால் குறித்த தேதிக்குப் போங்கள். சட்டத்தரணி வைக்க வசதியில்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடுங்கள்.