தகரக் கூரையும் மலையகக் குடியிருப்பும்: ஒரு வரலாற்று நோக்கு

வீட்டின் உறுப்புகளுள் அங்கு வாழ்வோரின் சமூக நிலையை முதலிற் புலப்படுத்துவது கூரையே. ஓலை வீடு, ஓட்டு வீடு, தகரக் கொட்டில் என்று கூரையின் பெயராலேயே வீட்டைக் குறிப்பது நம்மவரிடையே உள்ள வழக்கம். இம்மூன்றினுள் தகரமே காலத்தாற் பிந்தியது. எனினும், ஈழத்தின் மலையகத்தில் ஒரு முழுச் சமுதாயத்தின் வாழ்வை அதுவே மூடி நின்றது. ஆகவே தகரத்தின் வரலாறு ஒரு கட்டடப் பொருளின் வரலாறாக மட்டும் அமைவதில்லை. அது உழைப்பின் வரலாறுமாகும்.

பழங்காலத்தில் உலோகக் கூரை அரசரின் பெருமைக்குரியதாயிருந்தது. அநுராதபுரத்தில் துட்டகைமுனு மன்னன் எழுப்பிய லோவமகாபாயவின் கூரை செப்புத் தகடுகளால் வேயப்பட்டதென மகாவம்சம் கூறுகின்றது. ஒன்பது மாடிகளைக் கொண்டிருந்ததாகக் கூறப்படும் அக்கட்டடத்தின் இடத்தில் இன்று எஞ்சி நிற்பவை கற்றூண்களே. சோழப் பெருமன்னன் முதலாம் பராந்தகன் தில்லை அம்பலத்துக்குப் பொன் வேய்ந்தமை தமிழக வரலாறு நன்கறிந்த செய்தி. செம்பும் பொன்னும் அரியவை, விலை மிக்கவை. அவற்றாற் கூரை வேய்வது பக்தியின் வெளிப்பாடாகவும் ஆட்சியின் வலிமைக்குச் சான்றாகவும் கொள்ளப்பட்டது. சாதாரண குடிமகனின் வீட்டுக்கு உலோகக் கூரை என்பது அக்காலத்தில் எண்ணிப் பார்க்கவும் இயலாததாகும்.

இந்நிலையை மாற்றியது பிரித்தானியக் கைத்தொழிற் புரட்சியேயாகும். இலண்டன் துறைமுகக் கம்பனியின் பொறியியலாளராயிருந்த ஹென்றி றொபின்சன் பாமர் என்பார் 1829 ஆம் ஆண்டில் நெளிவிட்ட இரும்புத் தகட்டுக்குக் காப்புரிமை பெற்றார். அவரது கண்டுபிடிப்பின் அடிப்படை மிக எளியது. தட்டையான மெல்லிய தகடு தன் பாரத்தாலேயே தொய்ந்துவிடும். அதே தகட்டை அலையலையாக நெளித்துவிடின், நெளிவின் ஆழம் அதற்கு வளையாத உறுதியைக் கொடுக்கின்றது. இதனால் நெருக்கமான கைமரங்களும் சலாகைகளுமின்றியே அகன்ற இடைவெளியைத் தகட்டால் மூட முடிந்தது. ஒரு சதுர மீற்றர் ஓட்டுக் கூரை ஏறத்தாழ 40 கிலோகிராம் நிறையுடையதாக, அதேயளவு பரப்பை மூடும் அரை மில்லிமீற்றர்த் தகடு ஏறத்தாழ 5 கிலோகிராம் மட்டுமே இருக்கும்.

இரும்பின் குறை துருப்பிடித்தலாகும். 1837 ஆம் ஆண்டில் பிரான்சைச் சேர்ந்த சோரல் என்பவர் உருகிய நாகத்தில் இரும்பைத் தோய்த்தெடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். நாகம் இரும்பை மூடி நிற்பதோடு, கீறல் விழுந்த இடத்திலும் தான் முதலில் அரிபட்டு இரும்பைக் காக்கின்றது. நெளிவும் நாக முலாமும் ஒன்றுசேர்ந்தபோது, உலகெங்கும் அனுப்பக்கூடிய கூரை உருவாயிற்று. ஒன்றன்மேலொன்றாக அடுக்கின் மிகச் சிறிய இடத்தில் அடங்கும் இத்தகடுகள் கப்பல்களுக்கு ஏற்ற சரக்காயின. 1849 இல் கலிபோர்ணியாவிலும் 1851 இன் பின்னர் அவுஸ்திரேலியாவிலும் பொன் தேடிச் சென்றோரின் திடீர்க் குடியிருப்புகளுக்குப் பிரித்தானியத் தகடுகள் பெருமளவிற் சென்றன. விரைவில் எழுப்பி விரைவிற் பிரிக்கக்கூடிய கட்டடங்கள் குடியேற்றவாதத்தின் பரவலுக்குப் பெரிதும் துணைபுரிந்தன.

இலங்கையின் மலைப்பகுதிகளில் 1830களிலிருந்து கோப்பிச் செய்கை விரிவடைந்தபோது, தென்னிந்தியாவிலிருந்து கங்காணிமாரால் அழைத்து வரப்பட்ட தொழிலாளர் மண் சுவரும் மானாப்புற் கூரையும் கொண்ட வரிசைக் குடிசைகளிலே தங்கவைக்கப்பட்டனர். கோப்பிப் பழம் பறிக்கும் வேலை பருவத்துக்குரியது. அறுவடை முடியப் பெரும்பாலோர் ஊர் திரும்பினர். சில மாதங்களுக்கு மட்டும் வேண்டப்பட்ட உழைப்பாளருக்குச் சில ஆண்டுகள் மட்டும் நிலைக்கும் புற்கூரையே போதுமெனத் தோட்டத்துரைமார் கருதினர் போலும்.

1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. 1867 இல் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தொடக்கிய தேயிலைச் செய்கை அதன் இடத்தைப் பிடித்து, நூற்றாண்டின் இறுதியில் ஏறத்தாழ 4 இலட்சம் ஏக்கராக விரிந்தது. தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டிய பயிர். அதற்குக் குடும்பமாகத் தோட்டத்திலேயே நிலைத்து வாழும் தொழிலாளர் தேவைப்பட்டனர். நிலையான உழைப்புக்கு நிலையான கூரை வேண்டியதாயிற்று. ஓடு மலைப்பாதையில் உடையக்கூடியது, பாரமானது, வலிய மரச்சட்டங்களை வேண்டுவது. 1867 இல் கண்டிக்கும் 1885 இல் நானுஓயாவுக்கும் எட்டிய புகையிரதப் பாதை, தகரம் மலையேறுவதை எளிதாக்கியது. இவ்வாறு கல்லும் மண்ணும் கொண்டு எழுப்பிய சுவர்களின் மேல் நீண்ட தகரக் கூரை கவிந்த லயன், மலையகத்தின் நிலைத்த காட்சியாயிற்று.

இங்கு ஒரு வேறுபாடு ஊன்றி நோக்கத்தக்கது. ஒரே தோட்டத்தில் ஒரே தகரம் இருவகைக் கட்டடங்களை மூடியது. தேயிலைத் தொழிற்சாலை பல மாடிகளுடன் உயர்ந்து நின்றது. கொழுந்து வாடவிடும் அதன் மேல்மாடிகளில் காற்றோட்டத்தின் பொருட்டுச் சாளரங்கள் வரிசை வரிசையாக அமைக்கப்பட்டன. லயன் காம்பராவோ பெரும்பாலும் பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவினது. தாழ்ந்த கூரையும் ஒரு கதவும் கொண்ட அதற்குச் சாளரம் இருந்தாற் சிறியது. பல இடங்களில் அதுவும் இல்லை. முதுகோடு முதுகு சேர்த்துக் கட்டப்பட்ட இரட்டை லயன்களில் பின்புறக் காற்றுக்கு வழியே இல்லை. பறித்த கொழுந்துக்குக் கிடைத்த காற்று, பறித்தவருக்குக் கிடைக்கவில்லை.

தகரத்தின் இயல்பும் இத்துன்பத்தைப் பெருக்கியது. புற்கூரையினூடே அடுப்புப் புகை மெல்லக் கசிந்து வெளியேறும். அப்புகையே புல்லைப் பூச்சியரிக்காது காக்கவும் செய்யும். தகரமோ புகையை உள்ளே தடுத்து நிறுத்துவது. விறகுப் புகையும் ஈரமும் சேர்ந்து அதனை உட்புறமிருந்து அரிப்பன. பகலில் வெயில் நேரே உள்ளிறங்குகின்றது. மலைநாட்டுக் குளிரிரவில் தகரம் விரைந்து குளிர்ந்து அடிப்புறத்தில் நீர் துளிர்க்கின்றது. மழையின்போது பேச்சொலியும் கேட்பதில்லை. துருவேறி ஆணி தளர்ந்த தகரம் காற்றிற் பறந்துவிடாதிருக்கக் கற்களை ஏற்றி வைப்பது தோட்டங்களெங்கும் காணப்படும் வழக்கம். ஒரே கூரையின் கீழ்ப் பல குடும்பங்கள் வாழ்வதால், ஒரு காம்பராவிற் பற்றும் தீ லயன் முழுவதையும் அழித்துவிடுகின்றது.

இவையனைத்துக்கும் தகரத்தையே குற்றங்கூறல் பொருந்தாது. அவுஸ்திரேலியாவில் இதே தகரம் அகன்ற விறாந்தைகளும் உயர்ந்த முகடும் கொண்ட வீடுகளை மூடி, அந்நாட்டவர் பெருமையுடன் போற்றும் கட்டட மரபாக வளர்ந்தது. அங்கு கூரையின் கீழ் வாழ்ந்தவர்களுட் பலர் அதன் உரிமையாளராயிருந்தனர். மேற்றட்டு அமைக்கவும் முகட்டை உயர்த்தவும் அவர்களால் இயன்றது. லயனில் வாழ்ந்தோருக்கு அவ்வுரிமை இருக்கவில்லை. காம்பரா தோட்டத்தின் சொத்து; ஒரு தகட்டை மாற்றுவதற்கும் துரையின் அனுமதி வேண்டியிருந்தது. வேலை நீங்கின் கூரையும் நீங்கும். இயந்திரத்தைப் போன்று லயனும் மூலதனத்தின் ஓர் உபகரணமாகவே கணிக்கப்பட்டது.

அரசியல் மாற்றங்கள் பல நிகழ்ந்தும் இவ்வடிப்படை எளிதில் மாறவில்லை. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் பல இலட்சம் மக்களை இரு நாடுகளுக்கிடையே பங்கிட்டது. 1975 இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின; 1992 இல் அவற்றின் முகாமை மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றது. 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் எஞ்சியிருந்த நாடற்றோரும் பிரசாவுரிமை பெற வழி பிறந்தது. நாட்டின் குடிமக்களான பின்னரும், தாம் பிறந்த காம்பராவின் குடியிருப்பாளராக மட்டுமே பெரும்பாலோர் இருந்துவந்துள்ளனர். அண்மைக் காலத்தில் 7 பேர்ச் காணியில் தனிவீடு அமைக்கும் திட்டங்கள் தொடங்கப்பட்டமை வரவேற்கத்தக்கது. ஆயினும் லயன் வாழ்க்கை இன்னும் முற்றுப்பெறவில்லை.

தொகுத்து நோக்குமிடத்து, செப்புக் கூரை மன்னனின் உடைமையை நாட்டுக்கு அறிவித்தது. தகரக் கூரை மலையகத் தொழிலாளனின் உடைமையின்மையை அறிவித்தது. நிலைத்த உழைப்பைப் பெறுவதற்காக நிலைத்த கூரையைக் கொடுத்தவர்கள், அக்கூரை நிற்கும் நிலத்தின் மீதான உரிமையைக் கொடுக்கவில்லை. இன்று பழந்தகரத்தை அகற்றிப் புதுத்தகடோ ஓடோ வேய்வதனால் மட்டும் இவ்வரலாறு திருந்திவிடாது. கூரையோடு காணியுறுதியும் சேர்ந்து கிடைக்கும் நாளிலேதான் காம்பரா வீடாகும்.