மலையும் மாலுமியும் செய்மதியும்

அட்டனிலிருந்து மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்குச் செல்வோர், தேயிலைச் சரிவுகளுக்கு அப்பால் கூம்புபோல் எழுந்து நிற்கும் சிவனொளிபாதமலையைக் காண்பர். டிசம்பர்ப் பௌர்ணமி முதல் வெசாக் பௌர்ணமி வரை யாத்திரிகர் ஏறும் புனித மலை என்றே அதனைப் பலரும் அறிவர். தேயிலையும் கோப்பியும் இந்நாட்டுக்கு வருமுன்னரே அது கடலோடிகளுக்கு வழிகாட்டியாகவும் விளங்கியது.

1344 ஆம் ஆண்டில் மாலைதீவிலிருந்து கப்பலில் வந்த மொறோக்கோ நாட்டுப் பயணி இபின் பதூதா, ஒன்பது நாட் பயணத் தொலைவிலேயே இம்மலையைக் கண்டதாக எழுதினார். அவர் புத்தளத்தருகே கரையிறங்கியபோது, ஆரியச் சக்கரவர்த்தி அவரை வரவேற்று, மலைக்குச் செல்லத் துணையாட்களையும் அளித்தான். ஒன்பது நாள் என்பது மிகைக் கூற்றாகலாம். எனினும், 2,243 மீற்றர் உயரமுள்ள சிகரம், வானம் தெளிந்திருப்பின், கடல்மட்டத்தில் சுமார் 170 கிலோமீற்றர் தொலைவிலும் தெரியக்கூடும் என்பது கணிதம் காட்டும் உண்மை.

ஆனால் தென்மேற்குப் பருவக்காற்று வீசுங்காலத்தில் மலை மேகத்துள் மறைந்துவிடும். அப்போது மாலுமி, அதனைக் கடைசியாகக் கண்ட நேரத்தையும் திசையையும் குறித்துக்கொண்டு, கப்பலின் வேகத்தையும் சென்ற திசையையும் கூட்டி, தன் இருப்பிடத்தைக் கணிக்க வேண்டியவனானான். இக்கணிப்பில் பிழை நேர்வது எளிது. 1912 ஏப்ரலில் மூழ்கிய தைத்தானிக் கப்பல் உதவி கோரி அனுப்பிய இருப்பிடம் அவ்வாறு கணிக்கப்பட்டதே. 1985 இல் சிதைவு கண்டெடுக்கப்பட்டபோது, அது அவ்விடத்திலிருந்து ஏறத்தாழ 13 கடல்மைல் விலகியிருந்தமை புலனாயிற்று. காப்பாற்ற விரைந்த கார்ப்பேத்தியா வந்த வழியிலேயே உயிர்காப்புப் படகுகள் இருந்தமை நற்பேறு என்க.

இன்று மலையின் பணியைச் செய்மதிகள் ஏற்றுள்ளன. சுமார் 20,200 கிலோமீற்றர் உயரத்திற் சுழலும் செய்மதிகளுள் நான்கின் அலைகளையாவது பெற்று, கருவி இருப்பிடத்தைக் கணக்கிடுகிறது. 1978 இல் முதற் செய்மதி ஏவப்பட்ட அமெரிக்க முறைமை 1995 இல் முழுமை பெற்றது. கணித்த இருப்பிடமும் நேரமும் கப்பலின் வானொலிக்குச் செல்கின்றன. ஆபத்தில் சிவப்புப் பொத்தானை அழுத்தினால், 70 ஆம் அலைவரிசையில் கப்பலின் ஒன்பது இலக்க அடையாள எண்ணும் இருப்பிடமும் நேரமும் தாமாகவே ஒலிபரப்பாகும்.

செய்மதி அலைகளோ மிக மெலிந்தவை. இணைப்புக்கம்பி அறுந்தாலும், அலைவாங்கி மறைக்கப்பட்டாலும், பிற அலைகள் குறுக்கிட்டாலும் அவை நின்றுவிடும். அவ்வேளை கருவி, இருப்பிடத்துடன் 'ஏ' என்னும் எழுத்துக்குப் பதிலாக 'வி' என்னும் எழுத்தை அனுப்பும். இத்தகவல் நம்பத்தகாதது என்பதே அதன் பொருள். வானொலி தான் கடைசியாக அறிந்த இருப்பிடத்தை, அதன் நேரத்துடன், நினைவில் வைத்திருக்கும். நான்கு மணி நேரத்துக்குள் புதியது வராவிடின் பல கருவிகள் ஓசையெழுப்பி எச்சரிக்கும். 23½ மணி நேரம் கடந்தால் பழைய இருப்பிடம் தானாக அழியும். அதன்பின் விடுக்கப்படும் அபாய அழைப்பில் இடத்துக்குப் பதிலாகப் பத்து ஒன்பதுகளே செல்லும். இடம் தெரியவில்லை என்பதே அதன் செய்தி.

இவ்வேற்பாட்டின் நியாயம் யாது? மணிக்கு எட்டுக் கடல்மைல் செல்லும் படகு, நான்கு மணி நேரத்தில் 59 கிலோமீற்றர் விலகிவிடும். பழைய இருப்பிடத்தைப் புதியதென நம்புவோர் வெறுங் கடலிற் தேடி நேரத்தை இழப்பர். நீரில் மிதப்போர்க்கு அந்நேரமே உயிர். இடம் தெரியாதெனும் செய்தி கிடைப்பின், பரந்து தேடவாவது அவர் முனைவர். ஆகவேதான் அலை நின்றதும் இருப்பிடத்தையும் நேரத்தையும் மாலுமியே கையால் பதிந்து புதுப்பித்துவர வேண்டுமெனப் பணிக்கப்படுகிறது. மேகம் மலையை மூடிய நாளில் அன்றைய கடலோடி செய்ததும் இதுவேயன்றோ?