யாரை உள்ளே விடுவது?

1974 மார்ச் 9. வட கரோலைனாவின் கிரீன்ஸ்பரோ நகரில் அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸின் இறுதி ஆட்டம். நார்த் கரோலைனா ஸ்டேட் அணியும் மேரிலாண்ட் அணியும் மோதிய அந்தக் கல்லூரிக் கூடைப்பந்து ஆட்டம் கூடுதல் நேரம் வரை இழுத்தது. கடைசியில் 103–100 என்று மேரிலாண்ட் தோற்றது. நாட்டின் முதல் ஐந்து அணிகளுக்குள் இருந்த அணி அது. தோற்ற அன்றே அதன் தேசியப் போட்டிக் கனவும் முடிந்துபோனது. ஒரு கான்ஃபரன்ஸிலிருந்து ஒரே ஒரு அணிதான் என்சிஏஏ தேசியப் போட்டிக்குப் போகலாம் என்பது அன்றைய விதி. ஜெயித்த நார்த் கரோலைனா ஸ்டேட் அதே மாதம் தேசிய சாம்பியன் ஆனது. அதோடு மூன்று புள்ளி வித்தியாசத்தில் நின்ற மேரிலாண்டைவிடப் பலவீனமான அணிகள் பல அந்த 25 பேர் பட்டியலில் இருந்தன.

இந்தப் போட்டியை கம்ப்யூட்டரில் விளையாடும் சிமுலேஷன் கேம் ஒன்றை எழுத உட்கார்ந்தால், ஆட்டத்தை நடத்துவது சுலபமான வேலைதான். இரண்டு அணிகளின் பலத்துக்கு ஆளுக்கொரு எண் கொடுக்கிறோம். அந்த எண்களின் வித்தியாசத்தை வெல்லும் வாய்ப்பாக மாற்றுகிறோம். ரேண்டம் எண் ஒன்றை இழுத்தால் முடிவு வந்துவிடும். இதைப் பத்தாயிரம் தடவை ஓட்டினால் யாருக்கு எத்தனை சதவீதம் என்று தெரிந்துவிடும். இரண்டாம் ஆண்டு பொறியியல் மாணவர் ஒரு வார இறுதியில் எழுதிவிடலாம். ஆனால் அதற்கு முன்னால் ஒரு ஃபங்ஷன் இருக்கிறது: எந்தெந்த அணிகள் உள்ளே? அங்கேதான் கை நிற்கும். அந்த ஃபங்ஷனுக்குள் என்பது வருடத்துக்கும் மேலான வரலாறு உட்கார்ந்திருக்கிறது.

முதல் போட்டி 1939-இல் நடந்தது. எட்டே அணிகள். நாட்டை எட்டு மாவட்டங்களாகப் பிரித்து, மாவட்டத்துக்கு ஒன்று என்று எடுத்தார்கள். எவான்ஸ்டனில் நடந்த இறுதி ஆட்டத்தில் ஓரிகன் அணி ஒஹாயோ ஸ்டேட்டை 46–33 என்று வென்றது. போட்டியை நடத்திய பயிற்சியாளர்கள் சங்கத்துக்குக் கிடைத்தது நஷ்டம். அதற்கப்புறம் பொறுப்பை என்சிஏஏ எடுத்துக்கொண்டது. ஆக, முதல் அல்காரிதம் பூகோளம்தான். சிறந்த எட்டு அணி எது என்று அன்று யாரும் கேட்கவில்லை, கேட்டாலும் பதில் சொல்ல வழியில்லை. மேற்குக் கரை அணியும் கிழக்குக் கரை அணியும் ஒன்றோடொன்று ஆடியே இருக்காது.

இன்னொரு விஷயம், அழைத்தால் வந்தே ஆகவேண்டும் என்றும் அப்போது இல்லை. நியூயார்க்கில் நடந்த என்ஐடி என்ற போட்டி என்சிஏஏவைவிட ஒரு வருடம் மூத்தது, மவுசும் நிறைய. 1970-இல் மார்க்கெட் அணியின் பயிற்சியாளர் அல் மெக்வயர், தன் அணியைத் தொலைவான பிராந்தியத்தில் போட்டார்கள் என்ற கோபத்தில் என்சிஏஏ அழைப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு என்ஐடிக்குப் போனார். கோப்பையையும் ஜெயித்தார். அதற்குப் பிறகு, அழைக்கப்பட்ட அணி வேறு போட்டிக்குப் போகக்கூடாது என்று விதி வந்தது. அந்த விதி கடைசியில் நீதிமன்றம் வரை போனது. 2005-இல் சமரசம் பேசி, என்சிஏஏ என்ஐடியையே விலைக்கு வாங்கிவிட்டது.

மேரிலாண்ட் வெளியே நின்ற மறுவருடமே, 1975-இல், போட்டி 32 அணிகளாக விரிந்தது. ஒரு கான்ஃபரன்ஸிலிருந்து இரண்டாவது அணியும் வரலாம் என்றார்கள். 1979-இல் 40 அணிகள், எல்லா அணிகளுக்கும் சீட் எண். 1980-இல் 48. 1985-இல் 64. இந்த 1985-ஐக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். அந்த வருடம் சாம்பியன் ஆனது வில்லனோவா. எட்டாம் சீடு, சீசனில் பத்து தோல்விகள், தன் சொந்தக் கான்ஃபரன்ஸிலேயே முதலிடம் இல்லை. இறுதி ஆட்டத்தில் ஜார்ஜ்டவுனை 66–64 என்று வீழ்த்தியது. பத்து வருடம் முன்பிருந்த விதியே தொடர்ந்திருந்தால் அந்த அணி வீட்டிலிருந்து டிவியில்தான் பார்த்திருக்கும். கோப்பையை வென்றதற்கு அவர்களுடைய ஆட்டம் காரணம், சரி. அந்த ஆட்டத்தை ஆட இடம் கொடுத்தது ஒரு விதித் திருத்தம்.

இடங்கள் கூடக்கூட, அவற்றைப் பங்குபோட அளவுகோல் தேவைப்பட்டது. 1981-இல் ஆர்பிஐ வந்தது. கணக்கு எளியது: உங்கள் வெற்றி விகிதம் 25 சதவீதம், உங்கள் எதிரணிகளின் வெற்றி விகிதம் 50 சதவீதம், அந்த எதிரணிகளின் எதிரணிகளுடையது மிச்சம் 25. ஓர் உதாரணம் போட்டுப் பார்க்கலாம். ஓர் அணி 25 ஆட்டத்தில் 20 ஜெயித்தது. எதிரணிகளின் விகிதமும் அவர்களின் எதிரணிகளின் விகிதமும் 0.500. மொத்தம் 0.575. இன்னோர் அணி 16 மட்டுமே ஜெயித்தது. ஆனால் எதிரணிகள் 0.600, அவர்களின் எதிரணிகள் 0.550. மொத்தம் 0.5975. பதினாறு ஜெயித்தவர் மேலே, இருபது ஜெயித்தவர் கீழே! நீங்கள் எப்படி ஆடினீர்கள் என்பதைவிட யாருடன் ஆடினீர்கள் என்பதற்கு மூன்று மடங்கு எடை. பலமான அணிகள் சின்னக் கல்லூரிகளோடு ஆட்டம் வைத்துக்கொள்ளத் தயங்கும். அப்படியிருக்க, சின்னக் கல்லூரி அந்த 0.600-க்கு எங்கே போகும்? மோசமான அணியை வென்றால்கூட மதிப்பெண் குறையும் வினோதமும் இதில் உண்டு.

2018–19 சீசனில் ஆர்பிஐக்குப் பதிலாக நெட் என்ற தரவரிசை வந்தது. ஆட்டத்தின் செயல்திறனையும் அது கணக்கில் எடுத்துக்கொள்கிறது. அப்போதும் முடிவெடுப்பது எண் இல்லை. ஓர் அறையில் உட்கார்ந்து வாக்களிக்கும் தேர்வுக் குழுதான். தன் கல்லூரியைப் பற்றிய பேச்சு வந்தால் உறுப்பினர் எழுந்து வெளியே போய்விட வேண்டும்.

சின்னக் கல்லூரிக்கு இருக்கும் ஒரே உறுதியான கதவு, தன் கான்ஃபரன்ஸ் போட்டியை ஜெயிப்பது. ஜெயித்தால் எந்தக் குழுவும் மறுக்க முடியாது. 2018-இல் யூஎம்பிசி என்ற மேரிலாண்ட் மாநிலக் கல்லூரி அப்படித்தான் வந்தது, பதினாறாம் சீடாக. 1985 முதல் பதினாறாம் சீடுகள் முதலாம் சீடுகளோடு ஆடிய 135 ஆட்டங்களிலும் தோற்றிருந்தன. இவர்கள் வர்ஜீனியாவை 74–54 என்று அடித்தார்கள், அதுவும் இருபது புள்ளி வித்தியாசத்தில்! வெறும் தரவரிசையை வைத்து மேலிருந்து 68 அணிகளை எடுக்கும் சிமுலேஷனில் இந்த ஆட்டம் ஒருபோதும் நடக்காது. அதனால் ஒழுங்காக எழுதப்பட்ட கேம் முதலில் கான்ஃபரன்ஸ் போட்டிகளையே ஓட்ட வேண்டும். எதிர்பாராத ஓர் அணி அங்கே ஜெயித்தால், விளிம்பில் காத்திருந்த ஏதோ ஓர் அணியின் இடம் பறிபோகும். ஒவ்வொரு ஓட்டத்திலும் பட்டியலே மாறும்.

2020 மார்ச் 12 அன்று கோவிட்டால் போட்டி ரத்தானபோது பல கான்ஃபரன்ஸ் போட்டிகள் பாதியில் நின்றன. குழு பட்டியலையே வெளியிடவில்லை. ரசிகர்கள் அந்த மார்ச்சை சிமுலேஷனில்தான் ஆடி முடித்தார்கள், ஆளுக்கொரு பட்டியலோடு.

இதுவரை சொன்னதெல்லாம் எழுதிவைத்த விதிகள். எழுதாத விதி ஒன்றும் இருந்தது.

1959-இன் பட்டியலை எடுத்தால், சவுத்ஈஸ்டர்ன் கான்ஃபரன்ஸின் இடத்தில் கென்டக்கி என்று இருக்கும். அந்த வருட சாம்பியன் கென்டக்கி இல்லை. 24 வெற்றி, ஒரே ஒரு தோல்வி கண்ட மிசிசிப்பி ஸ்டேட். 1961-லும் இதே கதை. 1962-இல் பட்டத்தை இருவரும் பகிர்ந்தார்கள், போனது கென்டக்கி. காரணம், கறுப்பின வீரர்கள் இருக்கும் அணியோடு மிசிசிப்பியின் வெள்ளைக் கல்லூரிகள் ஆடக்கூடாது என்ற வழக்கம். சட்டப் புத்தகத்தில் அது கிடையாது, ஆனால் யாரும் மீறவில்லை. 1963-இல் மீண்டும் பட்டம் வென்றபோது பல்கலைக்கழகத் தலைவர் டீன் கோல்வார்ட் போகலாம் என்றார். தடுக்க நீதிமன்றத் தடையாணை வாங்கினார்கள். ஆணை கையில் வந்து சேருமுன் பயிற்சியாளர் பேப் மெக்கார்த்தி மாநில எல்லையைத் தாண்டினார். அணியும் நழுவிப்போய் விமானம் ஏறியது. மிச்சிகனின் ஈஸ்ட் லான்சிங்கில், நான்கு கறுப்பின வீரர்களோடு தொடங்கும் லயோலா சிகாகோவுடன் ஆட்டம். இரு கேப்டன்களும் கைகுலுக்கினார்கள், கேமராக்கள் மின்னின. மிசிசிப்பி ஸ்டேட் 61–51 என்று தோற்றது. லயோலா அந்த வருட சாம்பியன்.

டேட்டாவில் இது எதுவும் தெரியாது. 1959 என்ற வரிசையில் கென்டக்கி என்ற பெயர் மட்டும் இருக்கும். அதை அப்படியே படித்துக்கொள்ளும் கேம், அந்த வழக்கத்தையும் சேர்த்தே ஓட்டுகிறது. அதனால் பழைய வருடங்களை ஆடவைக்கும் எந்த சிமுலேஷனிலும் குறைந்தது இரண்டு பட்டியல்கள் வேண்டும் என்பது என் கட்சி: நடந்தது ஒன்று, ஆட்டத்தால் சம்பாதித்தது ஒன்று. முதல் பட்டியலில் ஓட்டினால், கென்டக்கி தன் முதல் ஆட்டத்திலேயே லூயிவில்லிடம் தோற்றது போலத் தோற்கலாம், தோற்காமலும் போகலாம். இரண்டாவதில் மிசிசிப்பி ஸ்டேட்டுக்கு ஏதோ ஒரு சதவீதம் வரும். அந்த அணியின் நட்சத்திரம் பெய்லி ஹோவல் பின்னாளில் பாஸ்டன் அணியோடு 1968, 1969 என்று இரண்டு என்பிஏ பட்டங்கள் வென்றார், ஹால் ஆஃப் ஃபேமுக்கும் போனார். என்சிஏஏ போட்டியில் அவர் ஒரு நிமிடம்கூட ஆடியதில்லை.