சேற்றில் செய்தி காவியவர்கள்

கடந்த ஆண்டு செப்டெம்பரில் இலண்டன் சென்றிருந்தபோது என் சகோதரியின் மகன் ஒரு கடித உறையை என் கையில் தந்தான். உள்ளே ஒரு பற்றுச்சீட்டு. தென் வேல்ஸ் மலைப் பகுதியில், வீதியில்லாத நிலத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டுவதற்கு ஆரம்ப நிலையினருக்கு நடத்தப்படும் ஒருநாள் பயிற்சிக்கு என் பெயரில் பணம் கட்டியிருந்தான். "மாமா, நீங்கள் வன்னியிலை ஓடின கதையெல்லாம் உண்மையோ எண்டு பாப்பம்" என்று சிரித்தான். ஐம்பதைக் கடந்தவனுக்குத் தரக்கூடிய பரிசு அல்ல இது என்று அவன் தாயார் கோபித்துக்கொண்டார்.

நான் மறுக்கவில்லை. எனக்குக் கற்றுத்தர அங்கே என்ன இருக்கப்போகிறது என்ற எண்ணமும் அதற்கு ஒரு காரணம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 1990களில் வடக்கில் இளம் செய்தியாளனாக இருந்த காலத்தில் என்னிடம் ஒரு பழைய ஹொண்டா இருந்தது. பெற்றோலுக்குத் தடை. காபரேற்றரில் சில துளி பெற்றோல் விட்டு உதைத்து, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓடவிடுவோம். கிறவல் வீதி, மணல் ஒழுங்கை, மாரியில் முழங்காலளவு சேறு. இரவில் முன்விளக்கைப் போட முடியாது. இப்படி ஓடியவனுக்குச் சான்றிதழ் எதற்கு?

பயிற்சி தொடங்கி அரை மணித்தியாலத்தில் அந்த இறுமாப்புப் போய்விட்டது.

முதற்பாடம் ஓடுவது அல்ல. விழுந்த வண்டியைத் தூக்குவது. வண்டியை வேண்டுமென்றே புல்லில் சரித்துவிட்டு, முதுகை வளைக்காமல் கால்களின் பலத்தால் நிமிர்த்தச் சொன்னார்கள். இரண்டாம் பாடம் நிற்பது. இருக்கையில் அமராமல், கால்மிதிகளில் எழுந்து நின்று, முழங்கால்களைச் சற்று மடித்து, கைப்பிடியை இறுக்கிப் பிடிக்காமல் ஓட்ட வேண்டும். அமர்ந்திருப்பவனின் உடலைப் பள்ளம் தூக்கி எறியும். நிற்பவனின் முழங்கால்களோ அந்த அதிர்வை வாங்கிக்கொள்ளும், வண்டி அவனுக்குக் கீழே தன் போக்கில் ஆடிக்கொள்ளும். மூன்றாவது, பார்வை. முன் சில்லுக்கு அருகில் கிடக்கும் கல்லைப் பார்த்தால் வண்டி அந்தக் கல்லுக்கே போகும். போகவேண்டிய இடத்தைப் பார்க்க வேண்டும். நான் இருந்துகொண்டே, கைப்பிடியை நெரித்துக்கொண்டே, கல்லைப் பார்த்துக்கொண்டே பல்லாண்டுகள் ஓட்டியவன். உயிரோடு இருப்பது என் திறமையால் அல்ல என்பது அன்று புரிந்தது.

தேநீர் இடைவேளையில் பயிற்சியாளர் தன் பாட்டனாரைப் பற்றிச் சொன்னார். இரண்டாம் உலகப் போரில் அவர் 'டெஸ்பாச் றைடர்', அதாவது மோட்டார் சைக்கிளில் இராணுவச் செய்தி காவியவர். செய்தி காவியவர் என்றதும் என் தொழிற்புத்தி விழித்துக்கொண்டது. ஊர் திரும்பிய பின்னரும் அதைத் தேடித் தேடி வாசித்தேன். இந்தக் கட்டுரை அதன் விளைவுதான்.

1914 ஆகஸ்டில் முதலாம் உலகப் போர் தொடங்கியபோது பிரித்தானியப் படையிடம் போதிய மோட்டார் சைக்கிள்களும் இருக்கவில்லை, ஓட்டுநர்களும் இருக்கவில்லை. சொந்த வண்டி வைத்திருந்த இளைஞர்களை, அவர்களில் பலர் பல்கலைக்கழக மாணவர்கள், கோப்ரல் தரத்தில் சேர்த்துக்கொண்டார்கள். எறிகணை விழுந்து தொலைபேசிக் கம்பி அறுந்தால் தலைமையகத்தின் கட்டளையை முன்னரங்குக்குக் கொண்டுசெல்பவன் இவனே. பெல்ஜியத்தின் கற்பாவிய வீதிகள் மழையில் எண்ணெய் பூசியதுபோல் வழுக்கும். கற்களை விட்டு இறங்கினால் இருபுறமும் சேறு. அந்தக் காலத்து 'ட்ரையம்ப் எச்' வண்டியின் பின்சில்லைச் சுழற்றியது சங்கிலி அல்ல, பட்டி. நனைந்தால் அது நழுவும். பின்சில்லுக்கு அதிர்வுதாங்கி கிடையாது. அப்படியான வண்டிகள் ஏறத்தாழ 30,000 போருக்குப் போயின. 'நம்பிக்கைக்குரியது' என்று அதற்குப் பட்டப்பெயர் வேறு.

இதற்குச் சமாந்தரமாக வேறொரு மரபும் வளர்ந்தது. 1913இல் இங்கிலாந்தின் கார்லைலில் முதலாவது சர்வதேச ஆறுநாள் பந்தயம் நடந்தது. வேகத்தை அல்ல, வண்டியின் தாங்குசக்தியைச் சோதிப்பதே அதன் நோக்கம். 1914இல் யோர்க்ஷயரில் மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை வைத்திருந்த அல்பிறெட் ஸ்கொட் என்பவர் தன் தொழிலாளர்களுக்கு ஒரு சவால் விட்டார்: தொழிற்சாலையிலிருந்து மேட்டுநிலங்களையும் ஓடைகளையும் கடந்து ஒரு கிராமம் வரை ஓடுங்கள் பார்ப்போம் என்றார். 14 பேர் புறப்பட்டனர், 9 பேர் போய்ச் சேர்ந்தனர். 1924 மார்ச் 29இல் சரே மாவட்டத்தின் கம்பர்லியில் நடந்த ஓட்டம், இன்று 'மோட்டோகுரொஸ்' எனப்படும் விளையாட்டின் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. 1927இன் ஆறுநாள் பந்தயத்தில் மார்ஜரி கொட்டில் உட்பட மூன்று பெண்களைக் கொண்ட பிரித்தானிய அணி, ஆண்களின் அணிகளைத் தோற்கடித்து வெள்ளிக் கிண்ணத்தைப் பெற்றது. அந்நாளைய பத்திரிகையாளர்களின் முகங்களைக் காண எனக்கு ஆசை.

இவ்விரு மரபுகளும் 1930களின் இறுதியில் ஒன்றுசேர்ந்தன. பந்தயக்காரனின் வித்தை தன் செய்தி காவிகளுக்கு வேண்டும் என உணர்ந்த பிரித்தானிய இராணுவம் 1938இலும் 1939இலும் ஆறுநாள் பந்தயத்துக்குத் தன் வீரர்களை அனுப்பியது. 1939இல் பந்தயம் நடந்த இடம் ஹிட்லரின் ஆளுகையிலிருந்த சால்ஸ்பேர்க். காலம் ஆகஸ்டின் கடைசி வாரங்கள். பந்தயம் நடந்துகொண்டிருக்கையில்தான், ஆகஸ்ட் 23இல், ஜேர்மன்–சோவியத் ஒப்பந்தம் கைச்சாத்தானது. பிரித்தானியர்கள் பந்தயத்தை முடிக்காமலே சுவிற்சர்லாந்து எல்லையை நோக்கி வண்டிகளைத் திருப்பினர். ஒரு வாரத்தில் போர்.

போர்க்காலத்தில் பி.எஸ்.ஏ. எம்20 வண்டிகள் மட்டும் ஒரு இலட்சத்து 20 ஆயிரத்துக்கு மேல் தயாராகின. பந்தயப் புகழ்பெற்ற பலர் பயிற்றுநர்கள் ஆனார்கள். வீதியைத் தவிர வேறெதையும் அறியாத இளைஞர்களுக்குச் சேற்றிலும் மேட்டிலும் ஓடையிலும் ஓட்டக் கற்றுக்கொடுத்தார்கள். கற்றவர்களில் பெண்களும் உண்டு. அவர்களுள் தெரேசா வொலாக் என்பவரைப் பற்றி வாசித்தபோது வியந்துபோனேன். பொறியியல் படித்த இவர், 1934 டிசெம்பரில் தோழி புளோறன்ஸ் பிளெங்கிறனுடன் 600 சி.சி. பந்தர் வண்டியில், பக்கப்பெட்டியும் இழுவைப்பெட்டியும் பூட்டிக்கொண்டு இலண்டனிலிருந்து புறப்பட்டு, சஹாராவைக் கடந்து, 1935 ஜூலையில் கேப்டவுனை அடைந்தார். போரில் இராணுவச் செய்தி காவியானார். பின்னர் அமெரிக்கா சென்று, அறுபதைக் கடந்த வயதில் அரிசோனாவில் மோட்டார் சைக்கிள் பயிற்சிப் பள்ளி ஒன்றை நடத்தினார். ஐம்பதுகளில் ஒருநாள் பயிற்சிக்குப் போனதற்கே வீட்டாரிடம் ஏச்சு வாங்கியவன் நான்.

ஆயினும் என்னை நிறுத்தி வைத்த பெயர் ஓட்டுநர் ஒருவருடையதன்று. ஹியூ கேர்ன்ஸ் என்ற மூளை அறுவை மருத்துவருடையது. 1935 மே மாதம் 'அரேபியாவின் லோரன்ஸ்' மோட்டார் சைக்கிளில் விழுந்து தலையில் அடிபட்டு ஆறு நாட்கள் நினைவின்றிக் கிடந்து இறந்தபோது, அவரைப் பார்த்த மருத்துவர்களில் கேர்ன்ஸும் ஒருவர். அந்த மரணம் அவரை விட்டு அகலவில்லை. போர் வந்தது. இருட்டடிப்பு இரவுகளில் மறைத்த விளக்குடன் ஓடிய செய்தி காவிகள் எதிரியின் குண்டுக்கு முன்பே வீதியில் மாண்டுகொண்டிருந்தனர். போரின் முதல் 21 மாதங்களில் பிரித்தானிய வீதிகளில் 2,279 மோட்டார் சைக்கிள் ஓட்டுநர்களும் பின்னிருந்தோரும் இறந்ததாக 1941இல் அவர் எழுதினார். தலைக்கவசம் அணிந்திருந்தவர்களாக 7 பேரையே அவரால் காண முடிந்தது; அவர்களின் தலைக் காயங்களோ ஒப்பீட்டளவில் இலேசானவை. அவ்வாண்டு நவம்பரில், கடமையிலுள்ள இராணுவ ஓட்டுநர்கள் அனைவருக்கும் தலைக்கவசம் கட்டாயமாயிற்று. பொதுமக்களுக்கு அந்தச் சட்டம் வர 1973 ஆயிற்று.

இதை வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. 1990களில் என்னுடன் பணியாற்றிய செய்தியாளர் ஒருவர், என்னிலும் மூன்று வயது இளையவர், ஓரிரவு விளக்கில்லாமல் வரும்போது மதகடியில் உடைந்திருந்த வீதியைக் காணாமல் விழுந்தார். உடம்பில் வேறு பெரிய காயம் இல்லை. தலை மட்டும் கல்லில் மோதியிருந்தது. அவரது சட்டைப்பையில் நாலாக மடித்த செய்திக் குறிப்பு இருந்தது. மறுநாள் பத்திரிகையில் அந்தச் செய்தியும் வந்தது, அவருடைய மரண அறிவித்தலும் வந்தது. நாங்கள் யாரும் அக்காலத்தில் தலைக்கவசத்தை நினைத்ததே இல்லை. விமானத்தையும் எறிகணையையும் நினைத்தோம், கல்லை நினைக்கவில்லை.

பயிற்சியின் கடைசி மணித்தியாலத்தில், ஈரப் புல் படர்ந்த ஒரு சரிவில் இறங்கும்போது, சொல்லித்தந்ததை மறந்து முன் பிறேக்கை அழுத்திவிட்டேன். முன்சில்லு வழுக்கியது. எழுந்தபோது தோள் வலித்தது, வேறொன்றுமில்லை. பயிற்சியாளர் ஓடி வந்து என் பெயர், அன்றைய கிழமை, வந்த இடம் எல்லாம் கேட்டார். சரியாகச் சொன்னேன். பின்பு என் தலைக்கவசத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தார். இடப்பக்கம், காதுக்கு மேலே, விரல் நீளத்துக்கு ஒரு கீறல். அதை மற்றவற்றுடன் அடுக்காமல் தனியே எடுத்து வைத்தார். ஒருமுறை அடிபட்டதை இன்னொருவருக்குக் கொடுக்கமாட்டார்களாம்.

"மாமா, அம்மாவுக்குச் சொல்லவேண்டாம்" என்றான் மருமகன்.