ஆபிரிக்காவின் தரைத்தோற்றமும் வரலாறும் – ஒரு நோக்கு

ஒரு கண்டத்து மக்களின் வரலாறு அக்கண்டத்தின் தரைத்தோற்றத்தோடு நெருங்கிய தொடர்புடையது என்பது புவியியலாளரும் வரலாற்றாசிரியரும் ஒப்புக்கொள்ளும் உண்மையாகும். எனினும் இவ்வுண்மையினின்று தவறான முடிவுகளைப் பெற்றோரும் உளர். செருமானிய மெய்யியலாளரான கெகல், அவரது மறைவுக்குப்பின் 1837இல் வெளிவந்த வரலாற்று மெய்யியல் விரிவுரைகளில், சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆபிரிக்கா தன்னுள்ளே அடைபட்டுக் கிடப்பதென்றும், உலக வரலாற்றில் அதற்கு இடமில்லையென்றும் கருதினார். குடியேற்ற ஆட்சியை நியாயப்படுத்தியோருக்கு இத்தகைய கருத்துகள் பெரிதும் துணைபோயின. ஆனால், அந்நிலம் யாருக்கு அடைபட்டிருந்தது என்ற வினாவே முதலில் எழுப்பப்படவேண்டியதாகும்.

ஏறக்குறைய 3 கோடி சதுர கிலோமீற்றர் பரப்புடைய ஆபிரிக்காவின் பெரும்பகுதி மேட்டுநிலமாகும். அது பல இடங்களிற் கடலோரத்தை அண்மித்துச் சடுதியாகச் சரிவதால், கரையோரச் சமவெளி ஒடுங்கியதாகவும், ஆறுகள் கடலையடையுமுன் வீழ்ச்சிகளாக இறங்குவனவாகவும் உள்ளன. குடாக்களும் இயற்கைத் துறைமுகங்களும் அரியன. பரப்பளவில் ஆபிரிக்காவின் மூன்றிலொரு பங்கேயான ஐரோப்பா அதனினும் நீண்ட கடற்கரையைக் கொண்டுள்ளது. இவ்வமைப்பின் விளைவைக் கொங்கோ ஆறு தெளிவாகக் காட்டுகின்றது. போர்த்துக்கேய மாலுமியான டியோகோ காவோ அதன் முகத்துவாரத்தை 1482இல் அடைந்தார். ஆயினும், மத்தாடிக்கும் இன்றைய கின்சாசாவுக்கும் இடையே ஏறத்தாழ 350 கிலோமீற்றர் தூரம் தொடரும் நீர்வீழ்ச்சிகள் கப்பல்களைத் தடுத்தன. உள்நாட்டிலிருந்து அவ்வாற்றின் போக்கைப் பின்பற்றி ஸ்ரான்லி கடலை வந்தடைந்தது 1877இலேயாம். மேட்டுநிலத்தின் மதில் அந்நியரை உட்புகாது தடுத்ததேயன்றி, மக்களைக் கவர்ந்து செல்வதைத் தடுக்கவில்லை. ஏறத்தாழ ஒன்றேகாற் கோடி மக்கள் அடிமைகளாக அத்திலாந்திக் கப்பல்களில் ஏற்றப்பட்டனர் என ஆய்வாளர் கணித்துள்ளனர்.

கடல்வழி வந்தோருக்கு மதிலாக நின்ற இந்நிலம் உள்ளே வாழ்ந்தோருக்கு மதிலாகவில்லை. நைகர் ஆறு அத்திலாந்திக் கரையிலிருந்து சுமார் 240 கிலோமீற்றர் தொலைவிலேயே உற்பத்தியாகின்றது. ஆயினும் கடலுக்குப் புறங்காட்டி வடகிழக்கே பாலையை நோக்கிச் சென்று, அதன் விளிம்பில் வளைந்து தெற்கே திரும்புகின்றது. அவ்வளைவுக்கு முன்னர், ஆண்டுதோறும் வெள்ளம் பரவும் உள்நாட்டுக் கழிமுகம் அமைந்துள்ளது. நெல்லும் மீனும் மேய்ச்சல் நிலமும் ஒருங்கே கிடைத்த அவ்விடத்தில், கி.மு. 3ஆம் நூற்றாண்டளவில் ஜென்னே-ஜெனோ என்னும் குடியிருப்புத் தோன்றி நகராக வளர்ந்தமையை 1977இல் தொடங்கிய அகழ்வாய்வுகள் வெளிப்படுத்தின. ஒட்டகத்தின் துணையோடு சகாராவைக் கடக்கும் வணிகம் பெருகியபோது பாலையே கடலாயிற்று. அதன் தென்விளிம்பைக் குறிக்கும் சாகெல் என்னும் பெயர் 'கரை' எனப் பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து வந்தமை ஈண்டு நோக்கற்பாலது. அக்கரையில் திம்புக்துவும் காவோவும் துறைமுகங்கள் போல விளங்கின. வடக்கிலிருந்து உப்பும் தெற்கிலிருந்து பொன்னும் அங்கே கைமாறின. மாலிப் பேரரசன் மன்சா மூசா 1324இல் மக்கா யாத்திரை செல்லும் வழியிற் கெய்ரோவில் வாரி வழங்கிய பொன், அப்பேரரசின் புகழை ஐரோப்பிய நிலப்படங்கள் வரை கொண்டுசென்றது. பாலை படைகளுக்கும் வழிவிட்டது. 1591இல் அதனைக் கடந்து வந்த மொறோக்கோப் படை சொங்காய்ப் பேரரசை முறியடித்தது.

சாம்பேசி, லிம்போப்போ ஆறுகளுக்கிடைப்பட்ட சிம்பாப்வே மேட்டுநிலம் மற்றோர் எடுத்துக்காட்டாகும். சூழவுள்ள தாழ்நிலங்களிற் கால்நடைகளுக்கு நோய் பரப்பும் செற்சி ஈ மிகுதி. குளிர்ச்சியான உயர்நிலத்தில் அது அரிது. எனவே அங்கு மந்தைகள் பெருகின. கருங்கற் பாறைகள் இயற்கையாகவே தகடுகளாக உரிந்தமையால், சாந்தின்றி மதில் அடுக்குதற்கேற்ற கற்களும் கிடைத்தன. 11ஆம் நூற்றாண்டு முதல் 15ஆம் நூற்றாண்டு வரை செழித்த பெரிய சிம்பாப்வே நகரம் இவ்வளங்களின் மேலேயே எழுந்தது. அதன் பொன் சோபாலா, கில்வாத் துறைகளூடாக இந்து சமுத்திர வணிகத்திற் கலந்தது. சீன மட்கலங்கள் அந்நகரை வந்தடைந்தன. இந்நகரம் ஆபிரிக்கரின் ஆக்கமே என்பதை 1905இல் ரண்டல் மக்கைவரும், 1929இல் கேற்றன் தொம்சன் அம்மையாரும் அகழ்ந்தறிந்து கூறினர். எனினும், ரொடீசிய வெள்ளையராட்சி அவ்வுண்மையை மறைக்க முயன்றது. 1980இல் விடுதலை பெற்ற அந்நாடு அவ்விடிபாடுகளின் பெயரையே தன் பெயராகச் சூடிக்கொண்டது.

19ஆம் நூற்றாண்டில் மேட்டுநிலத்தின் மதில் தகர்ந்தது. 1854இல் குவினைனைத் தடுப்பு மருந்தாக உட்கொண்டு நைகர் ஆற்றிற் சென்ற பிரித்தானியக் குழு, மலேரியாவால் எவரையும் இழவாது மீண்டது. கொங்கோ வீழ்ச்சிகளைச் சுற்றி, தொழிலாளர் பலரின் உயிரைப் பலிகொண்டு அமைக்கப்பட்ட புகையிரதப் பாதை 1898இல் நிறைவெய்தியது. 1884–85 பேர்லின் மாநாட்டை அடுத்து வல்லரசுகள் கண்டத்தைப் பங்கிட்டன. 1914 அளவில் எதியோப்பியாவும் லைபீரியாவுமே தன்னாட்சியுடன் எஞ்சின. குடியேற்றவாதிகள் அமைத்த புகையிரதப் பாதைகளுட் பல, சுரங்கத்தையும் தோட்டத்தையும் துறைமுகத்தோடு இணைத்தனவேயன்றி, அயல் நாடுகளை ஒன்றோடொன்று இணைக்கவில்லை. உள்நோக்கியிருந்த கண்டம் கடல்நோக்கித் திருப்பப்பட்டது.

இன்று ஆபிரிக்காவிற் கடற்கரையற்ற நாடுகள் 16 உள. மாலியும் சிம்பாப்வேயும் அவற்றுள் அடங்கும். நைகரின் வளைவு இடம்மாறவில்லை; சிம்பாப்வே மேட்டுநிலமும் தாழவில்லை. முன்னர் மையமாயிருந்த நிலங்கள் பின்னர் ஒதுக்கிடங்களானமைக்கு, நிலத்தைவிட அதன்மீது வரையப்பட்ட எல்லைகளும் திருப்பப்பட்ட பாதைகளுமே பெருங் காரணங்களாம். தரைத்தோற்றம் மனிதனுக்குச் சில வழிகளை எளிதாக்கிச் சிலவற்றை அரிதாக்குகின்றது. எவ்வழி எவர் நலனுக்காகத் திறக்கப்பட்டது என்பதை வரலாறே கூறவேண்டும். ஒரு மக்களின் தாழ்வுக்கு அவர்தம் மலையையும் ஆற்றையும் காரணங் காட்டுவோர், அத்தாழ்வுக்குப் பொறுப்பான மனிதரை விசாரணையினின்றும் விடுவித்துவிடுகின்றனர்.