சைடு கொடுத்த கை - லாரியும் காரும் பேசிக்கொண்ட கதை

தமிழ்நாட்டு லாரி ஓட்டுநர்களின் பேச்சில் 'சைடு' என்ற சொல்லுக்குத் தனி இடம் உண்டு. பின்னால் வரும் வண்டிக்கு வழி விட்டால் 'சைடு கொடுத்தான்'. கேட்டுப் பெற்றால் 'சைடு வாங்கினான்'. நடுரோட்டைப் பிடித்துக்கொண்டு அசையாமல் போனால் 'ஹாரன் அடிச்சு அடிச்சுப் பாத்தேன், சைடே கொடுக்க மாட்டேங்கிறான்'. சொல் ஆங்கிலம்தான். ஆனால் கொடுப்பதும் வாங்குவதும் நம்முடையவை. சாலையில் இடம் என்பது ஒருவர் இன்னொருவருக்குக் கொடுக்க வேண்டிய பொருள் என்ற எண்ணம் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. இந்தக் கொடுக்கல் வாங்கலுக்கு ஒரு வரலாறும் உண்டு. சட்டப் புத்தகத்தில் பாதி, லாரி கேபினில் பாதி என்று அது கிடக்கிறது.

இதைப் பார்க்கப் பொருத்தமான இடம் புதுக்கோட்டை மாவட்டக் கடற்கரை. கட்டுமாவடி, மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல் என்று வரிசையாக ஊர்களைத் தொட்டுக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலை தெற்கே தொண்டிக்கும் இராமநாதபுரத்துக்கும் போகிறது. இன்று இது தேசிய நெடுஞ்சாலை 32-இன் பகுதி. நடுவில் தடுப்பு கிடையாது. போகிறவர்களும் வருகிறவர்களும் ஒரே தாரைப் பங்கிட்டுக்கொள்ளும் இருவழிச் சாலை. முந்த வேண்டுமென்றால் எதிரே வருபவனின் பாதிக்குள் நுழைந்துதான் முந்த வேண்டும்.

ஜெகதாப்பட்டினம் விசைப்படகுத் தளம். படகு கரை சேர்ந்தால் மீன் ஏலம், ஐஸ், பெட்டி, உடனே வண்டி. மீன் காத்திருக்காது. ஐஸ் உருகும் வேகத்துக்கும் சந்தையில் கிடைக்கும் விலைக்கும் நேரடித் தொடர்பு இருப்பதால் மீன் வண்டிக்காரர் எப்போதும் அவசரத்தில் இருப்பவர். அதே சாலையில் இன்னொரு கூட்டமும் வருகிறது. இராமேஸ்வரத்துக்கும் நாகூருக்கும் வேளாங்கண்ணிக்கும் போகும் கார்களும் வேன்களும். ஆந்திரம், கர்நாடகம், கேரளம் என்று பல மாநிலப் பதிவெண்கள். அவர்களுக்கு இந்தச் சாலையின் வளைவும் தெரியாது, ஆடு குறுக்கே வரும் இடமும் தெரியாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் மட்டும் மீன் வண்டிகளின் ஓட்டம் குறையும். அது கோடை விடுமுறைக் காலம் என்பதால் அப்போது கார்கள் கூடிவிடும்!

மோட்டாருக்கு முந்தைய காலத்தில் சாலை மரியாதை என்று தனியாக ஒன்று தேவைப்படவில்லை. இராமேஸ்வர யாத்திரைக்காரர்கள் நடந்தோ மாட்டு வண்டியிலோ போனார்கள். அவர்களுக்காகவே தஞ்சை மராட்டிய மன்னர்கள் வழியெங்கும் சத்திரங்கள் கட்டினார்கள். ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோஜி கட்டிய முக்தாம்பாள் சத்திரம் அப்படிப்பட்டதுதான். இரவில் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். முன் வண்டிக்காரர் விழித்திருந்தால் போதும், பின்னால் வருபவர்கள் தூங்கலாம். மாடு பார்த்துக்கொள்ளும். எல்லா வண்டியும் ஒரே வேகத்தில் போகும்போது யார் யாரை முந்துவது? முந்துதல் என்ற பிரச்சினையே வேக வித்தியாசம் பெற்றெடுத்த பிள்ளை.

அந்த வித்தியாசம் இந்தப் பகுதிக்குச் சீக்கிரமே வந்துவிட்டது. டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1912-இல் பேருந்துப் போக்குவரத்தைத் தொடங்கினார். தஞ்சாவூர் - புதுக்கோட்டை தடம் அவருடைய தொடக்க காலத் தடங்களில் ஒன்றாகச் சொல்லப்படுகிறது. மாட்டு லாடத்திலிருந்து கழன்று விழும் ஆணிகள் டயரைக் குத்திவிடும் என்பதால், காந்தம் கட்டிய வண்டி ஒன்றைச் சாலையில் ஓட்டி ஆணி பொறுக்கினார்கள் என்று ஒரு கதையும் உண்டு. கதை எவ்வளவு தூரம் உண்மையோ, அது காட்டும் நிலைமை உண்மை. ஒரே சாலையில் மணிக்கு மூன்று நான்கு கிலோமீட்டர் போகும் மாடும், அதைப்போல் பத்து மடங்கு வேகத்தில் போகும் எந்திரமும் சேர்ந்துவிட்டன. (ஜெகதாப்பட்டினம் அன்று புதுக்கோட்டை சமஸ்தானத்தில் இல்லை. அறந்தாங்கிப் பக்கத்துக் கடற்கரை தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்தது. 1974-இல் புதுக்கோட்டை மாவட்டம் உருவானபோதுதான் இங்கே வந்தது.)

இடது பக்கம் போகும் வழக்கம் ஆங்கிலேயர் தந்தது. பிரிட்டனில் 1835-ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டம் அதை உறுதி செய்தது. இந்தியா முழுமைக்குமான முதல் மோட்டார் வாகனச் சட்டம் 1914-இல் வந்தது. அடுத்து வந்த 1939-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கடைசியில் அட்டவணைகளாகச் சாலை விதிகளும் கை சைகைகளும் இருந்தன. இந்தக் கை சைகைகளில் ஒன்றுதான் நம் கதையின் நாயகன்.

1988-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தொடர்ந்து வந்த 1989-ஆம் ஆண்டின் சாலை விதிகளிலும் அது இருந்தது. பின்னால் வருபவர் தன்னை முந்திச் செல்லலாம் என்று தெரிவிக்க விரும்பும் ஓட்டுநர், வலது கையை நேராக வெளியே நீட்டி, முன்னும் பின்னுமாக அரைவட்டமாக வீச வேண்டும். இன்னொரு விதி அதைவிட முக்கியமானது. எந்தெந்த நேரத்தில் முந்தக் கூடாது என்ற பட்டியலில், முன்னால் போகிறவர் 'முந்தலாம்' என்று சைகை காட்டாதபோது முந்தக் கூடாது என்பதும் சேர்க்கப்பட்டிருந்தது. அதாவது சைடு கொடுப்பது ஓட்டுநரின் பெருந்தன்மை மட்டுமல்ல, சட்டமே எதிர்பார்த்த ஒன்று! முன் வண்டிக்காரர்தான் பின் வண்டிக்காரரின் கண். உயரமான கேபினில் உட்கார்ந்திருக்கும் லாரிக்காரருக்கு முன்னால் ஒரு கிலோமீட்டர் தெரியும். காரில் தாழ்வாக உட்கார்ந்திருப்பவருக்கு லாரியின் பின்பலகை மட்டும்தான் தெரியும். இந்த நிலையை வைத்துப் பார்த்தால் அந்த விதி அறிவுள்ள விதி. பிரிட்டனிலும் 1930-களின் சாலைக் கையேட்டில் இத்தகைய சைகை இருந்தது. பிறகு அங்கே வழக்கொழிந்தது. இங்கே இருவழிச் சாலைகள் நீடித்ததால் சைகையும் நீடித்தது.

சைகையைக் கேட்டு வாங்கும் வழி ஹாரன். வடக்கத்தி லாரிகளின் பின்னால் 'ஹார்ன் ஓகே ப்ளீஸ்' என்று எழுதியிருப்பது உலகப் புகழ் பெற்றது. நம் ஊர் லாரிகளில் 'சவுண்ட் ஹாரன்' அல்லது 'ஒலி எழுப்பவும்'. அந்த 'ஓகே' எங்கிருந்து வந்தது என்பதற்கு இரண்டு கதைகள் சொல்வார்கள். உலகப் போர்க் காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய லாரிகளுக்கான எச்சரிக்கையின் சுருக்கம் என்பது ஒன்று. டாடாவின் ஓகே சோப்பு விளம்பரம் என்பது மற்றொன்று. இரண்டுக்கும் ஆதாரம் காட்டியவர் இல்லை. 2015-இல் மகாராஷ்டிர அரசு, இந்த வாசகம் தேவையில்லாமல் ஹாரன் அடிக்கத் தூண்டுகிறது என்று சொல்லி அதற்குத் தடை விதித்தது. ஒலி மாசு என்ற கோணத்தில் சரிதான். ஆனால் பக்கக் கண்ணாடி உடைந்தோ இல்லாமலோ ஓடிய பழைய லாரிகளின் காலத்தில், அந்த வாசகம் சத்தம் போடும் அழைப்பாக இருக்கவில்லை. 'எனக்குப் பின்னால் தெரியாது, நீ சொன்னால்தான் தெரியும்' என்ற ஒப்புதலாக இருந்தது.

அந்தக் காலத்தில் இன்னொரு கையும் இருந்தது: கிளீனரின் கை. ஓட்டுநர் வலப்புறம் பார்ப்பார், கிளீனர் இடப்புறம் பார்ப்பார். குறுகலான பாலத்தில் கதவைத் தட்டி 'போலாம், போலாம்' என்பதும், பின்னால் கார் வந்தால் சொல்வதும், இடது ஓரத்தில் மண் இறக்கம் எவ்வளவு என்று எட்டிப் பார்ப்பதும் அவர் வேலை. கிளீனர் வேலைக்கு ஆள் வருவது குறையக் குறைய, லாரியின் இடப்பக்கம் ஏறக்குறையக் குருடாகிவிட்டது.

இனிதான் சிக்கல் தொடங்குகிறது. கையின் இடத்துக்கு இண்டிகேட்டர் வந்தது. வலது கையை வீசி 'முந்திக்கொள்' என்று சொன்ன ஓட்டுநர், இப்போது அதே பொருளில் வலது விளக்கைப் போட்டார். சட்டப்படி அந்த விளக்குக்கு 'நான் வலப்புறம் திரும்பப் போகிறேன்' என்று மட்டுமே பொருள். வேறு பல ஓட்டுநர்களோ இதற்கு நேர் எதிராக ஒரு மொழியை உருவாக்கினார்கள். இடது விளக்கு எரிந்தால் 'நான் ஒதுங்குகிறேன், நீ போ'. வலது விளக்கு எரிந்தால் 'எதிரே வண்டி வருகிறது, வராதே'. இரண்டும் நாட்டில் புழங்குகின்றன. பகுதிக்குப் பகுதி, சில சமயம் ஓட்டுநருக்கு ஓட்டுநர் மாறுகின்றன. ஆக, ஒரே வலது விளக்குக்கு மூன்று பொருள்: முந்து, முந்தாதே, நான் திரும்புகிறேன். உள்ளூர்க்காரர்கள் மட்டும் ஓடும் சாலையில் இது பெரிய ஆபத்தில்லை, ஒரே வட்டார வழக்கைப் பேசுகிறவர்கள்தானே. மீன் லாரிக்குப் பின்னால் வெளிமாநில யாத்திரைக் கார் ஒன்று வரும் ஜெகதாப்பட்டினம் போன்ற இடத்தில்தான் இது உயிர்ப் பிரச்சினை. லாரிக்காரர் நல்லெண்ணத்தோடு 'வராதே' என்கிறார், கார்க்காரர் நன்றியோடு 'வா' என்று வாசிக்கிறார்.

முகப்பு விளக்கின் கதையும் இப்படித்தான். இங்கிலாந்தில் எதிரே வருபவர் விளக்கை மினுக்கினால் 'நீங்கள் போங்கள்' என்று பலர் எடுத்துக்கொள்வார்கள். அங்கே அதிகாரபூர்வக் கையேடு 'நான் இங்கே இருக்கிறேன்' என்று தெரிவிக்க மட்டுமே மினுக்கச் சொல்கிறது. நம் ஊரில் அதற்கு 'நான் வருகிறேன், நீ நில்' என்று பொருள். லண்டனிலிருந்து வந்து இங்கே கார் ஓட்டும் உறவினர்கள் முதல் நாளே இதைக் கற்றுக்கொண்டாக வேண்டும்! அங்கே நெடுஞ்சாலையில் ஒரு லாரி மற்றொன்றை முந்தியதும், முந்தப்பட்டவர் விளக்கை மினுக்கி 'பின்பகுதி தாண்டிவிட்டது, உள்ளே வரலாம்' என்பார். முந்தியவர் இண்டிகேட்டரை மாற்றி மாற்றிப் போட்டு நன்றி சொல்வார். ஜப்பானில் நன்றி சொல்ல நான்கு விளக்குகளையும் இரண்டு மூன்று முறை எரியவிடுகிறார்கள்.

மரியாதையை ஒதுக்கி வைத்துவிட்டு வெறும் கணக்கைப் பார்த்தாலும் நிலைமை புரியும். 2018-இல் மத்திய அரசு அறிவித்த உச்ச வேகங்களின்படி, நான்கு வழிச் சாலை அல்லாத சாதாரணச் சாலைகளில் காருக்கு மணிக்கு 70 கிலோமீட்டர், சரக்கு வண்டிக்கு 60. வித்தியாசம் வெறும் 10. லாரியின் நீளம் 10 மீட்டர், காரின் நீளம் 4 மீட்டர், முன்னும் பின்னும் 15 மீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொண்டால், கார் லாரியைவிட 44 மீட்டர் கூடுதலாகக் கடக்க வேண்டும். நொடிக்கு 2.8 மீட்டர் வீதம் அதற்கு ஏறக்குறைய 16 நொடி. அதற்குள் கார் 310 மீட்டர் ஓடியிருக்கும். எதிரே அதே வேகத்தில் ஒரு கார் வந்தால் அதுவும் 310 மீட்டர் நெருங்கியிருக்கும். ஆக, 600 மீட்டருக்கு மேல் காலியான சாலை கண்ணுக்குத் தெரிய வேண்டும். இந்தியச் சாலைக் காங்கிரஸ் வடிவமைப்புக்குச் சொல்லும் முந்துதல் பார்வைத் தூரம் 80 கிலோமீட்டர் வேகத்துக்கு 470 மீட்டர், 100 கிலோமீட்டருக்கு 640 மீட்டர். 600 மீட்டரை யாரும் அளந்து பார்ப்பதில்லை. வேகத்தைச் சட்ட வரம்புக்கு மேல் ஏற்றி அந்த 16 நொடியைப் பாதியாக்கத்தான் கார்க்காரர் முயல்கிறார். லாரிக்காரர் வேகத்தைக் கொஞ்சம் குறைத்துக் கொடுத்தாலும் அதே பாதி கிடைத்துவிடும், யாரும் பறக்க வேண்டியதில்லை. 'முந்துபவரைத் தடுக்காதே' என்ற விதி வெறும் நாகரிகப் பாடம் இல்லை என்பதற்கு இந்தக் கணக்கே சாட்சி.

2022-இல் நாடு முழுவதும் சாலை விபத்துகளில் 1.68 லட்சம் பேர் இறந்தார்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் 64,105-உடன் தமிழ்நாடு முதலிடம். இறந்தவர்கள் 17,884 பேர்.

தங்க நாற்கரம் வந்த பிறகு நான்கு வழிச் சாலைகளில் வேறொரு பழக்கம் வளர்ந்தது. அங்கே முந்துவதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். ஆனால் இடது தடத்தில் நிற்கும் வண்டிகள், எதிர்த்திசையில் வரும் பைக்குகள், ஊர் ஆட்கள் என்று தொல்லை அதிகம் என்று லாரிகள் வலது தடத்தைப் பிடித்துக்கொண்டன. கார்கள் இடப்பக்கமாகப் புகுந்து முந்துகின்றன. கை சைகை வேண்டாத சாலையில் பேச்சும் நின்றுபோனது. கார்க்காரருக்கு லாரி ஒரு தடை, லாரிக்காரருக்குக் கார் ஒரு கொசு. ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதே இல்லை.

1989-ஆம் ஆண்டு விதிகளுக்குப் பதிலாக 2017-இல் புதிய மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் வந்தன. அதற்குப் பிறகு வந்த இன்னோர் உத்தரவு, சாலை விதி எதையும் தொடாமலே கை சைகையைத் தொட்டுவிட்டது. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரகச் சரக்கு வண்டிகளின் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதன வசதி கட்டாயம். எஞ்சின் சூட்டில் வெந்துகொண்டே ஓட்டியவர்களுக்கு இது எப்போதோ கிடைத்திருக்க வேண்டிய வசதி. ஆனால் ஏசி போட்டால் கண்ணாடி ஏறும், கண்ணாடி ஏறினால் கை வெளியே வராது. பழைய வண்டிகளுக்கு இந்த உத்தரவு கிடையாது. அவை இன்னும் பல வருடம் ஓடும். அதுவரை விடியற்காலையில் ஐஸ் தண்ணீர் சொட்டச் சொட்டப் போகும் ஏதாவது ஒரு மீன் லாரியின் வலது ஜன்னலிலிருந்து ஒரு கை நீண்டு, மெதுவாக முன்னும் பின்னும் ஆடும்.